பெல்ட்டுக்கு முன் போல்ட்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் லோடு ஏற்றுவது தனிக் கலை. சூளையிலிருந்து இறங்கிய ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை என எதுவானாலும் வைக்கோல் மெத்தையில்தான் அமரும். அடுக்குக்கு நடுவே வைக்கோல், மேலே தார்ப்பாய், அதற்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. வேகத்தடையில் வண்டி குதித்தாலும் ஒரு கேரியர் விரிசல் விடக் கூடாது. அதே வண்டியின் கேபினில் ஓட்டுநரைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பார்த்தால், பல நேரம் கதவுத் தூணில் முடிச்சுப் போட்டுத் தொங்கும் தூசி படிந்த ஒரு பட்டைதான். வண்டி இன்னும் பழையது என்றால் அந்தப் பட்டையும் இருக்காது.

இந்த விமர்சனம் அந்தப் பட்டையைப் பற்றியது. மெட்டடார், டாடா மொபைல், மஹிந்திராவின் ஜீப் வழிவந்த பிக்-அப்கள் எனச் சிறுதொழில் ஊர்களின் சரக்கைச் சுமந்த தலைமுறை வண்டிகளில் கம்பெனி பெல்ட் எவ்வளவு காலம் தாங்கும், அதற்கு மாற்றாகச் சந்தையில் கிடைப்பவற்றில் எது உயிரைக் காக்கும், எது காப்பதுபோல் தோற்றம் மட்டும் தரும் என்பதே கேள்வி.

முதலில் ஒரு தேதி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993-இல் வந்த திருத்தம், அடுத்த ஓராண்டுக்குப் பிறகு தயாராகும் வண்டிகளில் ஓட்டுநருக்கும் முன்னிருக்கைப் பயணிக்கும் பெல்ட் பொருத்த வேண்டும் என்றது. ஆகவே இந்தியாவில் 1994 ஒரு எல்லைக் கோடு. விதி 138, பெல்ட் பொருத்தப்பட்ட வண்டியில் அதை அணிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அணியாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம். பெல்ட்டே இல்லாமல் பிறந்த பழைய வண்டிக்கு இந்தக் கட்டாயம் எட்டவில்லை. அமெரிக்காவிலும் பிக்-அப்புக்குத் தாமதமாகத்தான் விடிந்தது. அங்கே கார்களுக்கு 1968 ஜனவரியில் பெல்ட் கட்டாயமானது. டிரக்குகளுக்கு 1971 ஜூலை வரை ஆயிற்று. சரக்கு வண்டி ஓட்டுபவரின் உடம்பைப் பற்றிய கவலை எங்குமே கடைசியில்தான் வந்திருக்கிறது.

அதன் விலை கணக்கில் தெரிகிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

இனி பெல்ட்டுக்கு வருவோம். பழைய வண்டிகளில் காணக் கிடைக்கும் முதல் வகை, இடுப்பை மட்டும் சுற்றும் இரண்டு முனைப் பட்டை. விமானத்தில் கட்டுவோமே, அதே ஏற்பாடு. வண்டியிலிருந்து தூக்கி எறியப்படாமல் இது காக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே இல்லாததைவிட மேல். ஆனால் மோதும்போது இடுப்பு நிற்கும், நெஞ்சும் தலையும் கத்திபோல் முன்னால் மடியும். பழைய பிக்-அப்பில் ஸ்டீயரிங் தண்டு மடங்கிக் கொடுக்காத ஒற்றை இரும்பு. முகமும் மார்பும் போய் நிற்கும் இடம் அதுதான். பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டால் குடலும் முதுகெலும்பும் அடிபடும். ஓட்டுநருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது.

இரண்டாவது வகை மூன்று முனை பெல்ட், ஆனால் சுருளும் பெட்டி இல்லாதது. நீளத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இறுக்கிக் கட்டினால் பிடிப்பு அபாரம். சிக்கல் அந்த ‘கட்டினால்’ என்பதில் இருக்கிறது. இறுக்கிய பிறகு கிளவ் பாக்ஸ் எட்டாது, பின்பக்கம் திரும்பி லோடைப் பார்க்க முடியாது. இரண்டே நாளில் பட்டையைத் தளர்த்திவிடுவார்கள். தளர்ந்த பெல்ட்டில், உடம்பு வேகமெடுத்துப் பாய்ந்த பிறகுதான் பட்டை பிடிக்கும். அந்த அடி தனி அடி.

மூன்றாவது, தானே சுருண்டு, திடீர் பிரேக்கில் பூட்டிக்கொள்ளும் மூன்று முனை பெல்ட். வோல்வோவில் 1959-இல் மூன்று முனை பெல்ட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்தவர். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. ஒரே கையால், ஒரே அசைவில் மாட்ட வேண்டும் என்பதே போலினின் பிடிவாதம். பழைய பிக்-அப்புக்கும் அதுதான் சரியான அளவுகோல்: நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்குபவர் யோசிக்காமல் மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சுருள் பெட்டி வைத்த வகை இதில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீட்டில், இலகு ரக டிரக்கில் தோளும் இடுப்பும் சேர்த்துக் கட்டிய பெல்ட் முன்னிருக்கையில் உள்ளவர் இறக்கும் வாய்ப்பை 60 சதவீதம் குறைக்கிறது.

ஆனால் இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு, வாங்குவோரில் பலர் அறியாதது. உள்ளே சிறு உலோகக் குண்டோ ஊசலோ இருக்கிறது. வண்டி 0.45 ஜி அளவுக்கு வேகம் குறைந்தால் அது நகர்ந்து பற்சக்கரத்தைப் பூட்டும். சாய்த்தாலும் அதே கதைதான்: சர்வதேச விதிப்படி 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே தீர வேண்டும். பழைய கேபின்களின் தூண் நேராக நிற்பதில்லை. வேறு காருக்கென்று செய்த பெட்டியை அந்தச் சாய்ந்த தூணில் முறுக்கினால், பெல்ட் இழுக்கவே வராது. அல்லது பாதியில் சிக்கும். உடனே ‘டூப்ளிகேட் சாமான்’ என்று கடைக்காரர்மேல் பழி விழும். சாமான் நல்லதாகவே இருக்கலாம், நின்ற கோணம்தான் தவறு. கோணத்தைத் திருத்திக்கொள்ளும் தாங்கியோடு வரும் பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். பொருத்துவதற்கு முன், பெட்டியைத் தூண்மேல் பொருந்தும் நிலையில் கையில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் நிற்க வேண்டும். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி பிரேக்கை அழுத்தினால் மார்போடு பிடிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பெட்டி அந்த வண்டிக்கு ஆகாது.

இத்தனை சொன்ன பிறகும் பெல்ட் என்பது பாதி விஷயம்தான்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றால், 60 கிலோ எடையுள்ள ஒருவரைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 850 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். பட்டை அதைத் தாங்கும். பாலியஸ்டர் நூலில் நெய்த, சுமார் 47 மில்லிமீட்டர் அகலமுள்ள தரமான பட்டை குறைந்தது 1,500 கிலோ இழுவை வரை அறாது. அப்படியானால் முதலில் பிய்வது எது? பட்டை போய் முடியும் இடம். பழைய பிக்-அப்பின் பின்சுவர் தகரம். தரை, மழை பார்த்துத் துருவேறிய தகரம். அதில் துளை போட்டு, ஒரு சாதா வாஷரை வைத்து முறுக்கினால், மோதலின்போது போல்ட் வாஷரோடு சேர்ந்து தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். புத்தம் புது பெல்ட், முத்திரை குத்திய பெல்ட், எல்லாம் ஓட்டுநரின் மடியில் கிடக்கும்.

ஆகவே ஒரு டிங்கர் பட்டறையை எடைபோட விரும்புபவர் அவர்கள் விற்கும் பெல்ட்டைப் பார்க்க வேண்டாம், துளைக்குப் பின்னால் என்ன வைக்கிறார்கள் என்று பார்க்கட்டும். உள்ளங்கை அளவு எஃகுத் தகடு, மூன்று மில்லிமீட்டர் கனம் குறையாமல், ஓரங்கள் உருட்டப்பட்டு, தகரத்தின் மறுபக்கத்தில் முழுமையாகப் படிய வேண்டும். தரையில் துரு இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகுதான் துளை. இருக்கைச் சட்டத்தில் பெல்ட்டை மாட்டுவது கூடவே கூடாது. பழைய பெஞ்சு சீட் டூல்ஸ் எடுக்க அப்படியே தூக்கிக் கழற்றும்படி இருப்பது. மோதலில் சீட்டும் ஆளும் சேர்ந்தே பறப்பார்கள்.

போல்ட்டிலும் ஒரு வலை உண்டு. பெரும்பாலான சீட் பெல்ட் போல்ட்டுகள் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 திரெட். விட்டம் 11.1 மில்லிமீட்டர். அதற்கென வெட்டிய நட்டில் பன்னிரண்டாம் நம்பர் மில்லிமீட்டர் போல்ட்டை ஸ்பேனர் பலத்தில் ஏற்றிவிடும் கைகள் உண்டு. ஏறியது போலத் தெரியும், திரெட் செத்திருக்கும். ‘ஆடுது, ஒரு டாக் அடிச்சிரு’ என்று போல்ட் தலையில் வெல்டிங் வைப்பது அதைவிடக் கேடு. சூடேற்றிப் பதப்படுத்திய எஃகின் பலம் அந்த ஒரு நொடிச் சூட்டில் போய்விடும்.

மேல் முனை எங்கே என்பதும் முக்கியம். அது தோளின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கேபின் பின்சுவரின் நடுவில் வசதியாக ஒரு சட்டம் இருக்கிறதே என்று தோளுக்குக் கீழே மாட்டினால், மோதலில் பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். இடுப்புப் பட்டையும் இடுப்பு எலும்பின்மேல் படியும்படி, தரையிலிருந்து சரிவாக ஏறி வர வேண்டும். வயிற்றுக்கு நேராகப் படுக்கையாக வந்தால் ஆள் அதன் அடியில் நழுவிவிடுவார்.

கம்பெனி பெல்ட்டைக் கழற்றவே வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கண்ணால் பார்த்தே பெரும்பகுதியை முடிவு செய்யலாம். முழு நீளத்தையும் வெளியே இழுக்க வேண்டும். உள்ளே சுருண்டிருந்த பகுதியின் நிறத்தையும் வெயில் பட்ட பகுதியின் நிறத்தையும் ஒப்பிட்டால் வெயில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். ஓர நூல் பிரிந்திருந்தால், தையல் ஒன்று விட்டிருந்தால், தோள் வளையம் உரசும் இடத்தில் பட்டை உருகி மினுமினுத்தால், அது போக வேண்டியது. அந்த மினுமினுப்பு பழைய விபத்தின் தழும்பு. ஒரு முறை முழு விசையைத் தாங்கிய பட்டை நீண்டு, அடுத்த முறைக்கான வலுவை இழந்திருக்கும்.

விருத்தாசலத்துக்கு என்று தனியாக ஒரு கவலையும் உண்டு. பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்கின்றன. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரண எஃகைக் கீறக்கூடியது. அந்த மாவைச் சுமக்கும் வண்டியின் கேபினில் படியும் தூள் பெல்ட் நெசவுக்குள் இறங்கினால், ஒவ்வொரு முறை சுருளும்போதும் நூலை உள்ளிருந்து அராவும். சுருள் பெட்டிக்குள் போனால் ஸ்பிரிங் சோம்பும், பட்டை தொங்கும். மாவு லோடு ஓட்டுபவர்கள் பட்டையை முழுக்க இழுத்து, மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே சுருள விட வேண்டும். பிளீச்சிங், சாயம் இரண்டும் ஆகாது. பெட்டிக்குள் எண்ணெய் விடுவது இன்னும் மோசம். தூள் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய பாகச் சந்தையில் பெல்ட் வாங்கலாமா? கதவு வாங்கலாம், பம்பர் வாங்கலாம். பெல்ட் வேண்டாம். உடைப்புக்கு வந்த வண்டிகளில் கணிசமானவை விபத்தில் சிக்கியவை. அந்தப் பெல்ட் ஏற்கெனவே ஒருவரைக் காப்பாற்றி முடித்திருக்கலாம், வெளியே பார்த்தால் அது தெரியாமலும் இருக்கலாம். புதிதாக வாங்கும்போது பட்டையில் தைத்த லேபிளில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த காலம், தர எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 15140. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே குழுமத்தின் கூட்டு நிறுவனமே நெடுங்காலமாக சீட் பெல்ட் செய்கிறது, ஆகவே தரமான பொருளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. பெல்ட் போடாமலேயே எச்சரிக்கை மணியை ஏமாற்றும் கிளிப்புகளும் இதே சந்தையில்தான் புழங்கின. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களில் அவற்றை நீக்க உத்தரவிட்டது; 13,118 பதிவுகள் நீக்கப்பட்டன. மணியில்லாத பழைய பிக்-அப்பிலும் பூட்டில் நாக்கை மட்டும் செருகி, பட்டையை முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பழக்கம் அதே நோய்.

ஐம்பது வயது தாண்டிய வண்டியை அழகுக்காக வைத்திருப்பவரின் கணக்கு வேறு. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டியைக் கேட்கிறது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப்பட்டவர் பழைய பக்கிளையும் பட்டையையும் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தலாம், கண்காட்சி நாளில் மாட்டலாம். சாலையில் ஓட்டும் நாளுக்குப் புது பெல்ட். துளை போடும் முன் ரப்பர் விரிப்பைத் தூக்கி, தூணின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது. சில மாடல்களில் ஆலையே நட்டை வெல்ட் செய்து பிளக் போட்டு மூடியிருக்கும். அந்த இடத்தைவிட வலுவான இடம் அந்த வண்டியில் வேறு இருக்காது.

கடைசியாக, பெஞ்சு சீட்டின் நடுவில் உட்காருபவர். பழைய பிக்-அப்பில் அந்த இடம் காலியாக இருப்பதே இல்லை. லோடு இறக்கும் தம்பியோ வீட்டுப் பிள்ளையோ கியர் கம்பிக்கு இருபுறமும் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே தோள் பட்டைக்குத் தூண் கிடையாது. தரையில் தகடு வைத்து இறுக்கிய இடுப்புப் பட்டைதான் சாத்தியம், அதுவும் பெரியவருக்கு மட்டும். பிள்ளையை அங்கே உட்கார வைக்க எந்த மாற்று பெல்ட்டும் போதாது. பின்னால் தார்ப்பாய் மேல் ஏறி உட்காரும் ஆட்களுக்கு வண்டியில் எந்தக் காப்பும் கிடையாது. அவர்கள் பஸ்ஸில் வரட்டும், டிக்கெட் காசு முதலாளி கொடுக்கட்டும்.