பத்தாண்டுத் தமிழ்ப் படங்களில் என் வரிசை

கலைப் படைப்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு வரிசைப்படுத்துவது ரசனைக்கே இழுக்கு என்று கருதும் பெரியோர் உண்டு. அவர்களுடைய அபிப்பிராயத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், எது முதலாவது, எது அதற்கு அடுத்தது என்று தீர்மானிக்க முற்படும்போதுதான் நாம் எதை உண்மையாக நேசிக்கிறோம் என்பது நமக்கே புலப்படுகிறது என்ற நம்பிக்கையினால், சென்ற பத்தாண்டுக் காலத்தில் வெளிவந்த தமிழ்ப் படங்களுள் என் மனத்தை விட்டு அகலாதவற்றை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கத் துணிந்தேன். வசூலையோ விருதையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை. மீண்டும் மீண்டும் நினைவில் எழுகிற காட்சி எந்தப் படத்தினுடையது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அவ்வாறு கேட்டுக்கொண்டபோது, வரிசையின் மேற்படிகளில் வந்து அமர்ந்த படங்களில் எல்லாம் யாரோ ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார் என்பதைக் கண்டேன். இது தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. நமது சினிமாவின் நெடுங்காலச் சம்பிரதாயப்படி, ஒருவன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டால் அடுத்த கணமே போகவேண்டிய ஊரில் நிற்பான். இடையில் இருந்த வெயிலும், தாகமும், கால்வலியும், வழியில் எதிர்ப்பட்ட மனிதர்களும் கத்தரிக்கோலுக்கு இரையாகிவிடுவார்கள். வாகனமுள்ளவர்களின் கதைக்கு இந்தச் சுருக்கத்தினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால், நாளின் பெரும்பகுதியை நடந்தும் சுமந்துமே கழிக்கிற ஏழைகளின் கதையைச் சொல்லப் புகுந்த ஒருவர் அந்த இடைவெளியை வெட்டி எறிந்தால், அவர்களுடைய வாழ்க்கையையே வெட்டி எறிந்தவராகிறார். இந்த உண்மையைப் புரிந்துகொண்ட இயக்குநர்கள் சிலர் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள் என்பதே இந்தப் பத்தாண்டின் விசேஷம் என்று நான் கருதுகிறேன்.

அவர்களுக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. 1988-இல் வெளிவந்த பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தில், சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி கட்டிய வீட்டைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெயிலில் தள்ளாடிச் செல்லும் காட்சியில் வசனத்துக்கு வேலையே இல்லை. இளையராஜாவின் இசை மட்டும் கூடவே வருகிறது. அந்த ஒரு காட்சியில் விதைக்கப்பட்டதே பின்னாளில் முழுநீளப் படங்களாக விளைந்தது என்பேன். பாலுமகேந்திராவிடம் பயின்றவர்கள் வெற்றிமாறனும் ராமும். ராமிடம் பயின்றவர் மாரி செல்வராஜ். இந்தப் பரம்பரையில் நேரடியாக வராதவர்களிடமும் அதே பொறுமை தென்படுகிறது.

என் வரிசையில் முதல் ஸ்தானம் லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு உரியது. விஜய் சேதுபதி தயாரித்து, தாம் நடிக்காமல் ஒதுங்கி நின்று, 2018 ஆகஸ்டில் வெளிவரச் செய்த படம் இது. தேனிப் பக்கத்து அடிவாரத்துக்கும் மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் இடையே மூட்டை சுமந்து ஏறி இறங்கும் ரங்கசாமி என்ற கூலித் தொழிலாளிக்கு, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்பதற்கு மேல் வேறு ஆசை கிடையாது. படத்தின் முதற்பகுதியில் கதை என்று சொல்லத்தக்கது அதிகம் நிகழ்வதில்லை. விடியுமுன் எழுந்த ஒருவன் மலையேறுகிறான், வழியில் பேசுகிறான், இளைப்பாறுகிறான், பிறகு சுமையோடு இறங்குகிறான். தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை ஓவியமாக்கிக் காட்ட முயலாமல், அங்கே கால் வைக்கிறவன் எதைப் பார்ப்பானோ அதையே நமக்கும் காட்டுகிறது. ஆகவே, அவன் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு பள்ளத்தில் சிதறும்போது, அது இத்தனை தூரம் அவனோடு நடந்துவந்த நம்முடைய முதுகிலிருந்தே விழுந்ததாக நமக்குப் படுகிறது. நடையை முழுமையாகக் காட்டியதன் பயன் இதுதான்: இழப்பின் கனத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இயக்குநருக்கு நேரவில்லை.

அப்புறம் நிலம் கைக்கு வருகிறது. பிறகு வழக்கும், கடனும், வட்டியுமாக அது கைநழுவியும் போகிறது. இறுதியில், தனக்குச் சொந்தமாயிருந்த அதே மண்ணில் நடப்பட்ட காற்றாலையின் அடியில் காவல்காரனாக அவன் அமர்ந்திருக்கிறான். வாழ்நாளெல்லாம் நடந்தவனை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிடுவதே இந்தப் படம் அவனுக்கு விதிக்கும் தண்டனை. பூமியின் மீது உழைப்பவனுக்குள்ள பாத்தியதையைப் பற்றி மேடைகளில் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். எதுவும் அந்த நாற்காலியைப்போல் என்னை வதைத்ததில்லை. படத்தின் நடுவே வரும் தொழிற்சங்க அரசியல் சற்று அவசரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்ற குறையை நான் மறுக்கமாட்டேன். அந்தக் குறையோடும் அதுவே முதலாவது.

முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே எனக்கு நெடுநாள் ஊசலாட்டம் இருந்தது. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', கலைநுட்பத்தை மட்டும் கருதினால், மேற்சொன்ன படத்தைக் காட்டிலும் செறிவானது. மேலூரைச் சுற்றிய வறண்ட பூமியில், குடிகாரத் தகப்பன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்து தன் மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு பிறந்தகம் போய்விட்ட மனைவியைத் திருப்பி அழைத்துவரச் செல்கிறான். அங்கே கைகலப்புத்தான் மிஞ்சுகிறது. திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைப் பையன் கிழித்தெறிந்துவிட, தகப்பனும் மகனும் 13 கிலோமீட்டர் தூரத்தையும் உச்சி வெயிலில் நடந்தே கடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை, ஒன்றேகால் மணி நேரத்தில் படமும் முடிந்துவிடுகிறது. தகப்பனுடைய ஆத்திரம் அவன் நடக்கும் வேகத்திலும், மகனுடைய பிடிவாதம் அவன் பின்தங்கும் இடைவெளியிலும் வெளிப்படுகின்றன. தாகத்துக்கு வாயில் அடக்கிக்கொண்ட கூழாங்கல்லை வீட்டுக்கு வந்ததும் பையன் போட்டுவைக்கும் இடத்தில், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கற்களின் குவியலைப் பார்க்கிறோம்; இது முதல் நடை அன்று, எத்தனையாவதோ ஒன்று என்பது அப்போதுதான் நெஞ்சில் தைக்கிறது. வற்றிச் சுருங்கிய தண்ணீர்க் குழி ஒன்றைச் சுற்றிப் பெண்கள் காத்திருந்து, ஊறுகிற நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தில் முகந்துகொள்வதைப் படம் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருப்பது, ஆண்களின் கோபத்துக்குக் கிடைத்த நேரமெல்லாம் பெண்களின் பொறுமைக்கும் கிடைக்கவேண்டும் என்ற நீதியுணர்ச்சியினால் என்று எண்ணுகிறேன்.

2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதைப் பெற்று, ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட இந்தப் படம், தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு 2023-இல் இணையவழியில்தான் கிடைத்தது. அகன்ற திரையில் அந்தப் பொட்டல் வெளியின் விஸ்தீரணம் முன் இரண்டு சிறு உருவங்களைப் பார்க்கும் பாக்கியம் நம்மில் பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. இதை நான் ஆறாத மனக்குறையாகவே சொல்கிறேன்.

அப்படியிருந்தும் அதை ஏன் இரண்டாவதாக வைத்தேன் என்றால், 'கூழாங்கல்' ஒரு பகற்பொழுதின் சித்திரம். 'மேற்குத் தொடர்ச்சி மலை' ஒரு மனிதனின் ஆயுளையும், அந்த ஆயுளுக்குள் ஒரு பிராந்தியமே மாறிப்போவதையும் தாங்கி நிற்கிறது. சிறியதைப் பூரணமாகச் செய்ததை நான் வணங்குகிறேன். பெரியதைத் தொட்டதை அதற்கும் ஒரு படி மேலாக நேசிக்கிறேன்.

மூன்றாவது, மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. குலதெய்வக் கும்பிடுக்குப் புதுநெல் வேண்டும். ஊரில் இன்னும் பயிர் செய்கிறவர் மாயாண்டி என்ற கிழவர் ஒருவர்தான். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த குற்றத்துக்காக, அவற்றைக் கொன்றவர் என்று அவர் மீது வழக்குத் தொடுக்கப்படுகிறது. அவர் காவலில் இருக்க, அங்கே நாற்று வாடுகிறது. விசாரிக்கும் பெண் நீதிபதி, பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பை ஒரு காவலரிடம் ஒப்படைக்கும் இடம், சிரிப்பும் கண்ணீரும் ஒருங்கே எழும் அபூர்வ சந்தர்ப்பம். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி எண்பது வயது கடந்த கிராமத்து மனிதர். 2022-இல் படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். தேசிய விருதுக் குழு பிற்பாடு அவருக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கியது. தொழில்முறை நடிகர் எவராலும் அவருடைய நடையைப் பாவனை செய்திருக்க முடியாது. அவசரம் என்பதையே அறியாத கால்கள் அவை. நீதிமன்றத்துக்குள் நுழையும்போதும் வரப்பில் நடப்பதுபோலவே நடக்கின்றன. விதையில்லாத காய்கறியைப் பற்றி விதைக் கடையில் அவர் கேட்கும் வெள்ளந்தியான கேள்வி, நவீன விவசாயத்தைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றைத் தேவையற்றவை ஆக்கிவிடுகிறது. விஜய் சேதுபதி ஏற்ற முருக பக்தன் பாத்திரத்தின் மீது சிலருக்கு அதிருப்தி உண்டு. எனக்கோ, ஒருவர் மண்ணையும் மற்றவர் மலையையும் நாடி நடப்பது ஒரே பக்தியின் இரு வழிகளாகவே தோன்றுகிறது.

மணிகண்டனின் முதற்படமான 'காக்கா முட்டை'யை (2015) ஐந்தாவதாக வைத்திருக்கிறேன். தண்டவாள ஓரம் நடந்து, சரக்கு ரயிலிலிருந்து சிந்தும் கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்கள், தாங்கள் விளையாடிய மைதானத்தின் மேல் எழும்பிய கடையில் ஒரு பீட்சா தின்ன ஆசைப்படுகிறார்கள். காசு சேர்ந்த பிறகும் கதவு திறக்கவில்லை என்பதில்தான் கதையின் கூர்மை இருக்கிறது. பிற்பகுதியில் பத்திரிகை, அரசியல், பேரம் என்று அது கிளை பரப்பும்போது அந்தச் சிறுவர்கள் நம் பார்வையிலிருந்து சற்று விலகிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் இன்னும் மேலே போயிருக்கும்.

நான்காவது இடத்தில் உள்ளது மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. பா. ரஞ்சித் தயாரித்து 2018-இல் வந்த இப்படத்தைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுவிட்டது. இறுதியில் வரும் இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றிடையே கிடக்கும் பூவும் வியாக்கியானங்களால் சலித்துப்போகும் அளவுக்கு அலசப்பட்டுவிட்டன. நான் சொல்ல விரும்புவது வேறொரு காட்சியை: கூத்தில் பெண்வேடம் கட்டும், கதாநாயகன் பரியனின் தந்தையைக் கல்லூரி மாணவர்கள் துணியுரிந்து துரத்த, அவர் தெருவில் ஓடுகிறார். இந்தப் படத்தில் நிதானமாக நடக்கும் உரிமையே ஒரு ஜாதிக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. பரியனின் நாய் கறுப்பியும் ஓடுகிறாள், தந்தையும் ஓடுகிறார், பரியனும் ஓடுகிறான். கடைசியில் அவன் ஓட மறுத்து நின்று பேசுகிறான் என்பதே அவனுடைய வெற்றி. அதே இயக்குநரின் 'வாழை' (2024), சேற்றில் வாழைத்தார் சுமக்கும் ஒரு பையனின் கழுத்துவலியையும் பசியையும் சொல்லும் பகுதிகளில் இதற்குச் சமமாக நிற்கிறது. அவை மட்டுமே படமாயிருந்தால் வரிசை மாறியிருக்கும்.

வெற்றிமாறனின் 'விசாரணை' என் வரிசைக்குள் அடங்காமல் தனியே நிற்கிறது. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் அனுபவித்ததை எழுதிய 'லாக்கப்' நூலை ஆதாரமாகக் கொண்டு எடுக்கப்பட்டு, 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட அப்படத்தில், பிழைப்புத் தேடிக் குண்டூருக்குப் போனவர்கள் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு அடிபடுகிறார்கள். அதன் மேன்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால், மறுபடியும் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மீண்டும் பார்க்க இயலாத படத்தைப் பிரியமான படம் என்று சொல்வது நேர்மையாகாது என்பதால் அதற்கு எண் இடவில்லை. அதே இயக்குநரின் 'அசுரன்' தகப்பனும் மகனும் காட்டு வழியே தப்பிச் செல்லும் பகுதிகளில் உயர்ந்து, சண்டைக் காட்சிகளில் சம்பிரதாயத்துக்குத் திரும்பிவிடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செழியனின் 'டூ லெட்', 2007-ஆம் ஆண்டுச் சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு சிறு குடும்பத்தைப் பின்னணி இசையே இல்லாமல் பின்தொடர்கிறது. ஆறாவது இடம் அதற்கு. பிரேம்குமாரின் '96' ஏழாவது: ஓர் இரவு முழுதும் நகரத்தில் சேர்ந்து நடக்கும் இருவரைக்கொண்டே காதல் கதையை நிறைவு செய்த நயம் அதில் உண்டு. 'ஜெய் பீம்' படத்தை முழுமையாக வரிசையில் சேர்க்க மனம் ஒப்பவில்லை, ஏனெனில் வழக்கறிஞரின் சாமர்த்தியம் அதில் மிகுதியான வெளிச்சத்தைப் பெற்றுவிடுகிறது. ஆயினும், போலீஸ் ஜீப்பில் ஏற மறுத்து, கர்ப்பிணியான செங்கேணி தன் மகளோடு நடக்க, அதிகாரத்தின் வண்டிகள் அவள் பின்னால் ஊர்ந்து வருகிற காட்சி இந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ஐந்து நிமிஷங்களுள் ஒன்று. தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' புத்தியைப் பிரமிக்க வைக்கிறது. அதன் மனிதர்கள் ஆட்டுவிப்பவரின் கை அசைவுக்கு ஏற்ப நகர்கிறார்கள் என்ற உணர்ச்சி என்னை விட்டு நீங்குவதில்லை.

வினோத்ராஜின் இரண்டாவது படமான 'கொட்டுக்காளி' 2024-இல் பெர்லினில் திரையிடப்பட்டு, பிறகு திரையரங்குகளுக்கும் வந்தது. காதலில் விழுந்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, உறவினர் அவளை ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் கொண்டுபோகிறார்கள். அன்னா பென் நடித்த அந்தப் பெண் ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. வழியில் நடுச்சாலையில் முரண்டு பிடித்து நிற்கும் காளையை ஆண்கள் ஒருவராலும் அசைக்க முடியாதபோது, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறாள். இந்தப் படத்தை எங்கே வைப்பது என்று இன்னும் நான் தீர்மானிக்கவில்லை. சூரியின் பாத்திரத்தினுள் குமுறும் ஆண்மைக் கர்வத்தை எழுதியிருக்கும் நுட்பம் அதை மூன்றாமிடத்துக்குத் தூக்குகிறது. முடிவை நம்மிடமே விட்டுவிடும் அந்தக் கடைசித் தருணம் துணிச்சலா, தயக்கமா என்ற கேள்வி அதை ஆறாமிடத்துக்கு இறக்குகிறது. இன்னொரு முறை, இயலுமானால் திரையரங்கிலேயே, பார்த்த பிறகு அதற்குரிய எண்ணை இடுவேன்.