பழையனூர் நீலி: மூன்று மரபுகள்

நீலிக்கண்ணீர் என்ற சொல் கொங்கு நாட்டுப் பனியன் கம்பெனிகளிலும் காதில் விழும். பொய் அழுகையைக் குறிக்கும் அச்சொல் பிறந்த ஊர், திருவாலங்காட்டை அடுத்த பழையனூர். கணவன் கொன்ற பெண் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகி, மந்திரக் கத்தியைக் காவலாகக் கொண்டு அவ்வழியே வருகிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திய நீலி, அவனே தன் கணவன் என்று ஊரார் முன் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து, கத்தியை வாங்கிக்கொண்டு இருவரையும் ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். விடிவதற்குள் வணிகனைக் கொன்றுவிட்டு நீலி மறைகிறாள்.

சைவ மரபு போற்றுவது, கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கிய அந்த எழுபது பேரை. 7ஆம் நூற்றாண்டின் சம்பந்தரே ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சக் கொலையைக் குறிக்கிறார்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான சமணரின் நீலகேசியை அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார். காளிக்கு உயிர்ப்பலி வேண்டாம், மண்ணால் செய்த ஆடு போதும் என்று சமண முனிவர் முனிச்சந்திரர் ஊராரை மாற்றுகிறார். அவரை விரட்ட நீலியைக் காளி அனுப்புகிறாள். முனிவர் அசையவில்லை, நீலி அவரிடமே அறம் கேட்டு, கொல்லாமையைப் பரப்பப் புறப்படுகிறாள். பௌத்தத் துறவி குண்டலகேசி தொடங்கி ஆசீவகர், சாங்கியர், வைதிகர் எனப் பலரையும் வாதில் வெல்கிறாள். பேயைத் தருக்க அறிஞராக்கிய இத்துணிவுக்கு இணை தமிழில் அரிது. விசயமங்கலத்துச் சமணக் கோயிலைக் காத்துவரும் கொங்கு மண்ணில் இந்நூல் இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டும்.

குமரி, நெல்லை வில்லுப்பாட்டு மரபோ முதல் கொலையிலேயே நின்று பேசுகிறது. மடியில் தலைவைத்து உறங்கியவளைக் காதலன் நகைக்காகக் கல்லால் கொல்கிறான். அருகில் நின்ற கள்ளியே சாட்சி. கள்ளிக் கொம்பு பின்னால் குழந்தையாவதற்குக் காரணம் இங்கேதான் தெளிவாகிறது. கிரேக்கரின் லாமியாவும் இப்படிப்பட்டவளே: பொறாமையால் ஹீரா தேவி அவளுடைய பிள்ளைகளை அழித்த பிறகே, பிறர் பிள்ளைகளைத் தின்னும் அரக்கியானாள். ஆனால் லாமியா, குழந்தைகளுக்குப் பூச்சாண்டியாக நின்றுவிட்டாள். தெற்கே நீலி இசக்கியம்மனாகிவிட்டாள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் அவளுக்குக் கோயில் உண்டு. பிள்ளை வரம் வேண்டுவோர் இசக்கி கோயில்களில் தொட்டில் கட்டுகிறார்கள்.