அடைப்புக்குறிக்குள் ‘ஆண்’

வேலை அறிவிப்புகளையும் இலக்கியப் பிரதிகளைப் போல வாசிக்கலாம். ‘பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் (ஆண்)’ என்ற பதவிப் பெயரை எடுத்துக்கொள்வோம். 1973இல் கர்தார் சிங் குழு கிராமப்புறச் சுகாதாரப் பணியைப் பால்வழி பிரித்தது. குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு பெரும்பாலும் ஆணின் பொறுப்பாயின. கர்ப்பம், பிரசவம், குழந்தை ஆகியவை பெண்ணிடம் வந்தன. தமிழ்நாட்டில் முன்னவர் சுகாதார ஆய்வாளர்; பின்னவர் கிராம சுகாதார செவிலியர். இருவருக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய்தான். வேறுபாடு அதிகாரத்தில் இருக்கிறது. சாக்கடையை அள்ளவும் கழிப்பறையைக் கழுவவும் பெண்ணைக் கூப்பிடுகிறோம். அது சரியில்லை என்று எழுதிக் கையெழுத்திடும் வேலையை அடைப்புக்குறிக்குள் பூட்டிவைத்திருக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இதன் விளைவைப் பார்க்கலாம். 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பகுதி விடுதியொன்றில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் தங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்த பெண்கள், 17ஆம் தேதி இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நெரிசலான அறை, தரையில் படுக்கை, தண்ணீரில்லாத கழிப்பறை என்று அவர்கள் சொன்னவை பிறகே செய்தியாயின. அந்த ஆலையில் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்றும், தங்கவும் உண்ணவும் அவர்களே பணம் கட்டினார்கள் என்றும் அப்போதைய செய்திகள் கூறின. சுகாதார அறிக்கை ஒன்றைச் சம்பளமில்லாமல், சாலையில் அமர்ந்து அவர்கள் எழுதினார்கள் என்றே நான் அதை வாசிக்கிறேன். விடுதிச் சமையற்கூடத்தை அதிகாரிகள் மூடியது நோய் வந்த பிறகுதான்.

ஆலைக்குள் நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 1000 பேர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2020 சட்டத் தொகுப்பு அதை 500 ஆகக் குறைத்திருக்கிறது. அதனால் வேலைகள் கூடும். ஆனால் தகுதி விதிகள் பட்டத்தோடும் பட்டயத்தோடும் நிற்பதில்லை. ஆலையில் மேற்பார்வை அனுபவமும் கேட்கின்றன. லைனில் பத்தாண்டு நின்ற பெண்ணின் அனுபவம் இந்தக் கணக்கில் சேராது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பெண்கள் தங்கள் உடல்நிலையை யாரிடம் கூச்சமின்றிச் சொல்வார்கள் என்று எந்த விதியும் கேட்பதில்லை. அலுவலரின் பொறுப்பும் ஆலை வாயிலோடு முடிகிறது. ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில், விடுதி திருவள்ளூர் மாவட்டத்தில்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை விடப் பெரிய எண்ணிக்கை அது. அங்கே தண்ணீரைச் சோதிக்கவும், சோற்றைப் பார்க்கவும், தேவையானால் அடுப்பை அணைக்கச் சொல்லவும் நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் பெற்ற பெண் அலுவலர்கள் வேண்டும்.

சுற்றுச்சூழல் அறிவியலும் வேதியியலும் படிக்கும் மாணவிகள் ‘இதற்கு வேலை உண்டா?’ என்று கேட்கிறார்கள். வேலை கண்ணெதிரே கிடக்கிறது; பதவிதான் இல்லை. அதை உருவாக்கச் சொல்வதும், அந்த அடைப்புக்குறியை அழிக்கச் சொல்வதும் பெண்ணியக் கோரிக்கைகளே.