மனுவும் முடிவும்

2011இல் தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 73 பகுதிகளுடன் 2019 மே 19இல் முடிந்தது. கடைசி சீசனைத் திறமையுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்கக் கோரும் மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அதே சீசனுக்குத்தான் அவ்வாண்டின் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் கிடைத்தது.

சரணடைந்துவிட்ட நகரத்தை டெனேரிஸ் எரிக்கிறாள். இது அவள் இயல்புக்கு விரோதம் என்கிறது ஒரு கட்சி. மெரீனில் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தபோதே விதை விழுந்துவிட்டது என்கிறது மறுகட்சி. விதை இருந்தது உண்மை. அது மரமாவதைக் காட்டுவதுதான் கலையின் வேலை. முதல் ஆறு சீசன்களும் பத்துப் பத்துப் பகுதிகள். கடைசி சீசன் ஆறே பகுதி. பேரேட்டில் இறுதித் தொகை சரியாக இருக்கலாம். நடுவே பதிவுகள் இல்லையென்றால் அது கணக்காகாது.

முதல் சீசனில் நெட் ஸ்டார்க்கின் தலை விழுந்தபோது நம் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவன் சாவு அவன் நேர்மையிலிருந்தே வந்தது, ஏற்றுக்கொண்டோம். கடைசியிலும் ரசிகன் கேட்டிருக்க வேண்டியது அந்த நியாயத்தைத்தான், தனக்குப் பிடித்த முடிவை அல்ல. மனுப் போடுகிறவன் வாடிக்கையாளன். வாசகனுக்கு நிராகரிக்கும் உரிமை உண்டு; உத்தரவிடும் உரிமை இல்லை.