காத்திருக்க ஆளில்லாத பிரசவ அறைகள்

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். 2005–06இல் இது 20.3 ஆகவும், 2015–16இல் 34.1 ஆகவும் இருந்தது. பதினைந்து ஆண்டுகளில் இரு மடங்கைத் தாண்டிவிட்ட இந்த உயர்வுக்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளின் பணத்தாசை என்பது ஒன்று. இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்கத் தெம்பில்லை என்பது மற்றொன்று. முன்னதில் பாதி உண்மை உண்டு. பின்னதில் அதுவும் இல்லை. அதே கணக்கின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால் வலியெடுத்த பெண்ணின் பக்கத்தில் மணிக்கணக்கில் இருந்து கவனிப்பதற்கான ஆட்களும் இடமும் அதே வேகத்தில் பெருகவில்லை. அந்தக் குறையைத்தான் பெருமளவு கத்தி நிரப்பிக்கொண்டிருக்கிறது.

அறுவைப் பிரசவத்தின் அருமையைக் குறைத்து மதிப்பிடுவது அறியாமை. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பைவாயை மூடியபடி அமைந்தாலோ, பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி முன்னால் நழுவி இறங்கினாலோ, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றப் பெரும்பாலும் வேறு வழி கிடையாது. இந்த வசதி எட்டாத இடத்தின் நிலை என்ன என்பதற்குப் பீகாரே சான்று. அதே ஆய்வில் பீகாரின் அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் சிசேரியன் 3.6 விழுக்காடுதான், தனியாரிலோ 39.6. காசில்லாதவளுக்குத் தேவையான அறுவையும் கிடைப்பதில்லை, காசுள்ளவளுக்குத் தேவையற்றதும் நடக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். தமிழ்நாடு இந்த இடைவெளியைப் பெரிதும் அடைத்த மாநிலம். இருபத்துநான்கு மணி நேரமும் அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி ஆகியவற்றோடு இயங்கும் சீமாங்க் மையங்களை மாவட்டந்தோறும் அமைத்தது அதன் சாதனை. 2018–20இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்ததில் இந்த மையங்களுக்குப் பங்குண்டு.

ஆனால் அறுவை கூடக்கூட மரணம் குறைந்துகொண்டே போவதில்லை. 1985இல் பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் கூடிய வல்லுநர்கள், எந்த வட்டாரத்திலும் சிசேரியன் 10 முதல் 15 விழுக்காட்டைத் தாண்டத் தேவையில்லை என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சான்றுகளை மறுபடி அலசி, மக்கள்தொகை அளவில் 10 விழுக்காடு வரை மரணம் குறைகிறது, அதற்குமேல் குறைவதாகத் தெரியவில்லை என்று அறிவித்தது. தமிழ்நாட்டைவிடக் குறைவாக, 38.9 விழுக்காடு, அறுவை செய்யும் கேரளத்தில் அதே 2018–20இல் தாய் இறப்பு 19. மிக அதிகமாக, 60.7 விழுக்காடு, செய்யும் தெலங்கானாவில் 43. உடல்நலம், கல்வி, போக்குவரத்து எனப் பல காரணங்கள் கலந்த எண்கள் இவை. ஆகவே எது எதனால் என்று இவற்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ‘அறுவை அதிகமானால் ஆபத்து குறையும்’ என்ற எளிய நம்பிக்கைக்கு இவை இடம் தரவில்லை.

தேவையின்றிச் செய்யும் அறுவைக்கு விலையும் உண்டு. தாய்க்கு ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் ரத்தக்கட்டும் ஏற்படும் வாய்ப்பு சுகப்பிரசவத்தைவிட அதிகம். கருப்பையில் விழுந்த தழும்பின்மேல் அடுத்த நஞ்சுக்கொடி ஆழமாக வேர்விட்டுப் பிரியாமல் போகும் கோளாறு, ஒவ்வோர் அறுவைக்கும் கூடுகிறது. 30,000 பெண்களுக்கு மேல் உள்ளடக்கி 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் அறுவையில் 0.24 விழுக்காடாக இருந்த இது நான்காவதில் 2.13 ஆனது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி சராசரியாக 1.8 பிள்ளைகள் பெறும் தமிழ்நாட்டில் நான்காவது அறுவையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தைக்கு முதல் அறுவையே விலை கேட்கும். கருவின் மூளையும் நுரையீரலும் கடைசி வாரங்களிலும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றன. நுரையீரலில் நிரம்பிய நீர் வற்றுவதற்குப் பிரசவ வலியோடு சுரக்கும் ஹார்மோன்களும் துணைசெய்கின்றன. வலி தொடங்குமுன்னே, 39 வாரம் நிறையாமல் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகம் என்பது உறுதியாக நிறுவப்பட்ட செய்தி. நாள், நட்சத்திரம், ஓரை பார்த்து அறுவைக்கு நேரம் குறித்துத் தரும் வழக்கத்தின் உண்மையான குறை இங்கேதான். ஜாதகம் சரியா தவறா என்ற வாதத்துக்குள் போகாமலே சொல்லலாம்: குறித்த நல்ல நாள் 38ஆம் வாரத்தில் விழுந்தால், அது குழந்தையின் நுரையீரலுக்கு நல்ல நாள் அல்ல.

இனிப் பணத்தாசை என்ற விளக்கத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு சிசேரியன். அறுவைக்குக் கட்டணம் அதிகம், நேரமோ ஒரு மணிக்கும் குறைவு. ஆசைக்கு இடமிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டணமே வாங்காத அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு ஏன்? அங்கே காசு தராத விளக்கத்தைக் காலம் தருகிறது. தலைப்பிரசவத்துக்கு அரை நாளுக்கு மேலும் ஆகலாம். கருப்பைவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது விரிய வேண்டும் என்ற கணக்கு, 1950களில் நியூயார்க் மருத்துவர் இம்மானுவேல் ஃபிரீட்மன் வரைந்த வளைகோட்டையும், 1972இல் ஆப்பிரிக்காவில் உருவான எச்சரிக்கைக் கோட்டையும் ஒட்டி உலகெங்கும் பரவியது. நல்லபடியாக முடியும் பல பிரசவங்கள் இதைவிட மெதுவாகவே நகர்கின்றன என்று கண்டு, 2018இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கோட்டைக் கைவிட்டது. தீவிர வலியின் தொடக்கத்தையும் 4 சென்டிமீட்டரிலிருந்து 5க்கு மாற்றியது. கோடு போனாலும் அவசரம் போகவில்லை. அடுத்த கட்டிலுக்கு ஆள் காத்திருக்கும் அறையில், ஒரு செவிலியர் பலரைப் பார்க்க வேண்டியிருக்கும்போது, மெதுவாக நகரும் பிரசவம் ‘முன்னேற்றம் இல்லை’ என்ற குறிப்பாகிவிடுகிறது.

ஆளில்லாத இடத்தில் கருவி வந்து அமர்வதும் இதன் தொடர்ச்சியே. குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் பதிவுசெய்யும் இயந்திரத்தை, செவிலியர் இடையிடையே காதால் கேட்டுக் கண்காணிக்கும் முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் 37,000 பெண்கள் வரை பங்கேற்றனர். இயந்திரம் பிறந்த குழந்தைகளின் வலிப்பைப் பாதியாகக் குறைத்தது. அது அதன் சிறப்பு. ஆனால் குழந்தை இறப்பும் மூளை முடக்குவாதமும் குறையவில்லை, சிசேரியன் மட்டும் கூடியது. இதே வகையில், ‘கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது’ என்ற ஒரு வரி ஸ்கேன் முடிவைக் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் அறுவைக்குத் தலையசைக்கின்றன. ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை கொடி சுற்றியே பிறக்கிறது; பெரும்பாலும் எந்தத் தீங்குமில்லை. பக்கத்தில் இருந்து பார்க்க ஆளிருந்தால் பொறுத்திருக்கலாம். இல்லாதபோது அச்சமே முடிவெடுக்கிறது.

பெண்களே கேட்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. தன் உடல் பற்றிய முடிவைப் பெண் எடுப்பதில் குறைகாண யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எதைக் கண்டு அஞ்சி அவள் கேட்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். வலி குறைக்கும் ஊசி பெரும்பாலான அரசுப் பிரசவ அறைகளில் கிடைப்பதில்லை. கத்தினால் திட்டு விழும் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. வலியின்போது ஒருவர் தொடர்ந்து உடனிருந்து ஆதரித்தால் சிசேரியன் நான்கில் ஒரு பங்கு குறைகிறது, வலியெடுக்கும் நேரமும் சுருங்குகிறது என்று 15,000 பெண்களைக் கொண்ட ஆய்வுகளின் தொகுப்பு 2017இல் காட்டியது. உடன்துணையை அனுமதிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2000களிலேயே வந்தது. தாளில் உள்ள அந்த உரிமைக்குப் பல அறைகளில் இடமும் மறைப்பும் இல்லை. கௌரவமான சுகப்பிரசவம் கைக்கு எட்டாத நிலையில், அறுவையை விருப்பத் தேர்வு என்பது பாதிச் சொல்தான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இங்கிலாந்திலிருந்து வருகிறது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபர்ட் மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய தாய், சேய் மரணங்களை ஆராய்ந்த டோனா ஒக்கெண்டன் அறிக்கை 2022 மார்ச்சில் வெளியானது. சிசேரியன் விகிதத்தைக் குறைவாக வைத்திருப்பதில் பெருமை கொண்ட அந்த மருத்துவமனைகளில் சிலருக்கு அறுவை காலந்தாழ்ந்தது, சிலருக்கு மறுக்கப்பட்டது. அதே ஆண்டு, மொத்த விகிதத்தை வைத்து மருத்துவமனைகளை மதிப்பிடுவதை நிறுத்தச் சொன்னது அந்நாட்டுச் சுகாதார நிர்வாகம். 44.9ஐ 25க்கு இறக்கு என்று இலக்கு வைத்தால் இங்கும் அதேதான் நடக்கும். என் வாதத்தை இது முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. காத்திருப்பது என்றால் கைகட்டி நிற்பது என்று பொருளில்லை. ஆபத்தின் முதல் அறிகுறியைப் பிடிக்கும் கண் பக்கத்திலேயே இருப்பது என்று பொருள். கண்காணிப்பு இல்லாத காத்திருப்பும் கொல்லும், காத்திருப்பு இல்லாத அவசரமும் காயப்படுத்தும்.

ஆகவே அளக்க வேண்டியது மொத்த எண்ணை அல்ல. மைக்கேல் ராப்சன் 2001இல் வகுத்த பத்துப் பிரிவு முறை, பெண்களைத் தலைப்பிரசவமா, முன்பு அறுவை நடந்ததா, குழந்தை தலை கீழாக உள்ளதா, வலி தானாக வந்ததா என்று பிரித்துக் கணக்கிடுகிறது. வயது கூடிய தாய்மார், சர்க்கரை நோய், உடல் பருமன் பெருகியதால்தான் அறுவை பெருகியது என்ற வாதத்தையும் இதைக் கொண்டு சோதிக்கலாம். நிறைமாதத்தில் தானாக வலியெடுத்து, தலை கீழிறங்கிய ஒற்றைக் குழந்தையோடு வந்த தலைப்பிரசவப் பெண்களில் எத்தனை பேர் அறுவைக்குப் போனார்கள் என்பதே ஒரு பிரசவ அறையின் தரத்துக்கு உரைகல். முதல் அறுவையைத் தவிர்த்தால் இரண்டாவதும் பெரும்பாலும் தவிரும். முன்பு அறுவை நடந்தவர்களில் முயல்வோர் பத்தில் ஆறு முதல் எட்டுப் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு கிழியும் ஆபத்து ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கு உண்டு என்பதால், அதற்கும் இடைவிடாத கவனிப்பே நிபந்தனை. இந்தக் கணக்கை மருத்துவமனைவாரியாக, தனியாரையும் சேர்த்து, அரசு வெளியிட வேண்டும். பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியர் பணியிடங்களைப் பெருக்கி, வலியெடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒருவர் என்ற நிலையை நோக்கி நகர வேண்டும். காப்பீட்டில் சுகப்பிரசவத்துக்கும் அறுவைக்கும் ஒரே தொகை தர வேண்டும். தாய் இறப்பைக் குறைக்க அறுவை அரங்குகளைக் கட்டிய அதே அக்கறையை, அரங்குக்குப் போகத் தேவையில்லாத பெண்களின் கட்டில் பக்கத்திலும் அரசு காட்டினால், மருத்துவர் கத்தி எடுக்கும்போது அது தேவைக்காகத்தான் என்று குடும்பங்கள் நம்பும்.