விருந்து மேசையும் பேரரசின் நினைவும்: இலண்டன் நகர உயர்தர இந்திய உணவகங்கள் பற்றிய ஒரு நோக்கு

உணவு பசி தீர்க்கும் பொருள் மட்டுமன்று. யார் சமைக்கின்றனர், யார் பரிமாறுகின்றனர், யார் அமர்ந்து உண்கின்றனர், அதற்கு என்ன விலை கொடுக்கின்றனர் ஆகிய வினாக்களுக்கான விடைகளில் ஒரு சமுதாயத்தின் அதிகார உறவுகள் பொதிந்துள்ளன. இலக்கியத்தையும் நாடகத்தையும் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கப் பழகிய நமது திறனாய்வு, உணவகத்தை அவ்வாறு நோக்குவது அரிது. ஆயினும் உயர்தர உணவகமும் ஒருவகை அரங்கே. அதற்குக் காட்சியமைப்பு உண்டு, ஒப்பனை உண்டு, வந்தமர்பவர்க்கென ஒதுக்கப்பட்ட ஒரு பாத்திரமும் உண்டு. இலண்டன் மாநகரின் விலையுயர்ந்த இந்திய உணவகங்கள் தம் விருந்தினர்க்கு அளிக்கும் பாத்திரம் யாது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இவ்வரலாற்றின் தொடக்கம் 1810ஆம் ஆண்டாகும். பட்னாவிற் பிறந்த சேக் டீன் மஹொமட் என்பவர் அவ்வாண்டு போர்ட்மன் சதுக்கத்துக்கு அருகே, ஜோர்ஜ் வீதியில், 'ஹிந்துஸ்தானி கோப்பி இல்லம்' என்னும் உணவகத்தைத் தொடங்கினார். பிரித்தானியாவில் இந்தியரொருவர் நடத்திய முதலாவது இந்திய உணவகமாக இது கருதப்படுகின்றது. மூங்கில் இருக்கைகளும் உக்காவும் அங்கு இடம்பெற்றன. இந்தியாவில் பணிபுரிந்து பொருளீட்டி மீண்ட கனவான்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. அவர்கள் விட்டுவந்த ஆட்சியாளர் வாழ்வின் சிறு பகுதியொன்றை விலைக்கு விற்பதே அதன் வாணிபம். 1812இல் மஹொமட் வங்குறோத்தானார். எனினும் அவர் வகுத்த அரங்கம் அவருடன் அழிந்துவிடவில்லை.

1926இல் றீஜன்ற் வீதியில் தொடங்கப்பெற்ற 'வீராசாமி' உணவகம் அதன் அடுத்த கட்டமாகும். பெயரைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் உரிமை பாராட்டக்கூடும். ஆனால் அதனை நிறுவியவர் எட்வேட் பாமர் என்பவர். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆங்கிலேயத் தளபதி ஒருவருக்கும் மொகலாயக் குலப்பெண் ஒருவருக்கும் பிறந்த வழியில் வந்தவர். 1924–25இல் வெம்பிளியில் நடைபெற்ற பேரரசுக் கண்காட்சியில் இந்தியப் பகுதியின் உணவு ஏற்பாடுகளிற் பங்குகொண்ட அனுபவமே அவரை இம்முயற்சிக்கு இட்டுச்சென்றது. தென்னிந்தியப் பெயரொன்று வாயிலில் நிற்க, உள்ளே ஆங்கிலோ-இந்திய வீடுகளில் விரும்பப்பட்ட உணவுகள் பரிமாறப்பட்டன. வீராசாமி என்ற பெயர் இங்கு ஒரு மனிதனைச் சுட்டவில்லை. 'உண்மையான இந்தியா' என்னும் உத்தரவாதத்தையே சுட்டிற்று. பெயர் ஒருவருடையதாகவும் சுவை இன்னொருவருடையதாகவும் இருக்கும் இந்நிலை, பின்வந்த பல உணவகங்களுக்கும் பொருந்துவதாகும்.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு வரலாறும் நிகழ்ந்தது. பிரித்தானியக் கப்பல்களில் அடுப்பறைகளிலும் இயந்திர அறைகளிலும் உழைத்த சில்ஹெற் பிரதேச மாலுமிகளிற் பலர் இலண்டனிற் கரையிறங்கித் தங்கினர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவர்களும் இவர்தம் உறவினரும் சிறு உணவுக்கடைகளை நடத்தலாயினர். 1971இல் அவர்களது தாயகம் வங்காளதேசமாகிய பின்னரும் கடைப்பலகையில் 'இந்திய உணவகம்' என்ற பெயரே நிலைத்தது. பிரித்தானியாவின் இந்திய உணவகங்களிற் பெரும்பான்மையானவை வங்காளதேசத்தவரால் நடத்தப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது. 2001இல் வெளிநாட்டமைச்சர் றொபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவைப் பிரித்தானியாவின் உண்மையான தேசிய உணவு எனப் புகழ்ந்தார். புகழ் உணவுக்குக் கிடைத்தது. நள்ளிரவு தாண்டியும் அடுப்படியில் நின்றவர்க்கு அது கிடைக்கவில்லை. மலிவாக இருக்கும்வரையே அவ்வுணவு விரும்பப்பட்டது.

உயர்தர உணவகங்களின் எழுச்சியை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். 1982இல் தாஜ் குழுமம் கென்சிங்டனில் 'பொம்பே பிறாசரி'யைத் தொடங்கியது. 2001இல் 'ரமறிண்ட்', 'சைக்கா' ஆகிய இரு இலண்டன் உணவகங்கள் மிஷெலின் நட்சத்திரம் பெற்றன. இந்திய உணவகங்களுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதற்றடவை. பிரெஞ்சுச் சமையலுக்குப் பெரும்பணம் கொடுக்கத் தயங்காதவர், அதே அளவு நுட்பமும் உழைப்பும் வேண்டும் இந்தியச் சமையலுக்கு அவ்விலையைக் கொடுக்க முகஞ்சுளித்தனர். அந்த அவமதிப்பை இவ்வுணவகங்கள் உடைத்தன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் சமையல் மரபுகளைப் பிரித்துக் காட்டியதும் இவற்றின் பணியே. இச்சாதனைகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையான திறனாய்வாகாது.

ஆனால் அச்சாதனை எந்த உடையணிந்து வந்தது என்பதே சிக்கலாகும். 2013இல் மேஃபெயாரில் தொடங்கிய 'ஜிம்கானா' இதற்குத் தக்க உதாரணம். ஜிம்கானா என்பது ஆங்கிலேயர் ஆட்சிக்கால விளையாட்டுக் கழகத்தின் பெயர். 1875இல் நிறுவப்பட்ட பம்பாய் ஜிம்கானா நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. இந்தியர் அங்கு ஏவலாளராகவே நுழைந்தனர். அக்கழகங்களின் மின்விசிறிகளும் கருமரச் சுவர்களும் வேட்டையாடப்பட்ட விலங்குத் தலைகளும் இலண்டனில் அழகுப் பொருள்களாக மீண்டும் தோன்றுகின்றன. காட்டுமான் பிரியாணியின் சுவையில் எவரும் குறைகாணார். 2024இல் அவ்வுணவகம் இரண்டாவது நட்சத்திரத்தையும் பெற்றது. எனினும் அங்கு அமர்பவர்க்கு அளிக்கப்படும் இருக்கை, 1810இல் ஜோர்ஜ் வீதியில் இடப்பட்ட அதே இருக்கைதான். அது துரையின் இருக்கை.

இந்நிறுவனத்தின் உரிமையாளர் இந்திய வம்சாவளியினரே. ஆதலின் இதனைப் பேரரசு நினைவின் விற்பனை என்பது பொருந்தாது எனச் சிலர் வாதிடலாம். ஒருகாலத்தில் வாயிலில் தடுக்கப்பட்டவரின் வழித்தோன்றல்கள் இன்று கழகத்தையே உடைமையாக்கியுள்ளனர் என்றும் அவர்கள் கூறலாம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் உடைமையாளர் மாறியதனால் அரங்கம் மாறிவிடவில்லை. முன்னர் இனத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட இருக்கை, இப்பொழுது பணத்தின் பெயரால் ஒதுக்கப்படுகின்றது. நிறம் எவ்வாறிருப்பினும் பணமுடையோர் துரையாகலாம். சுரண்டலின் வரலாறு அலங்காரமாகும்போது, சுரண்டப்பட்டவர் காட்சியிலிருந்து மறைந்துவிடுகின்றனர். சில்ஹெற் மாலுமியின் படம் எந்த ஆடம்பர உணவகத்தின் சுவரையும் அலங்கரிப்பதற்கான நினைவாகக் கொள்ளப்படுவதில்லை. மகாராசாவின் வேட்டைப்பொருளே அதற்குத் தகுதி பெறுகின்றது.

இது ஈழத்துத் தமிழரையும் தொடாத விடயமன்று. ஈஸ்ற்ஹாம், ரூற்றிங் ஆகிய இலண்டன் பகுதிகளில் நம்மவர் குடியேறிய தெருக்களில் தோசையும் கொத்துரொட்டியும் கைக்கெட்டும் விலையிற் கிடைக்கின்றன. ஜிம்கானாவை நடத்தும் அதே குழுமம், 2015இல் சோஹோவில் 'ஹொப்பர்ஸ்' என்ற பெயரில் அப்பத்தையும் கொத்தையும் நகர மையத்துக்குக் கொண்டுவந்தது. நமது உணவு மதிப்புப் பெறுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் 'வீராசாமி'க்கு நேர்ந்தது அப்பத்துக்கும் நேருமா என்ற வினாவை அம்மகிழ்ச்சி அடக்கிவிடலாகாது.

2025இல், அரச சொத்துக்களை நிர்வகிக்கும் 'கிறவுண் எஸ்ரேற்', வீராசாமி உணவகத்தின் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தமையால் பிணக்கொன்று எழுந்தது. பேரரசின் கண்காட்சியிற் கருக்கொண்ட உணவகம், முடியின் பெயரால் அமைந்த நிறுவனத்தினாலேயே வெளியேறுமாறு கேட்கப்பட்டது. பேரரசின் நினைவை எவ்வளவு அழகாகப் பரிமாறினாலும், நிலத்தின் உரிமை பரிமாறுபவர்க்கு வந்துவிடுவதில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. இந்திய உணவுக்கு உயர்ந்த விலை கேட்பது நியாயமே. அவ்விலை நினைவின் அலங்காரத்துக்கு அன்றி, சமைக்கும் கைக்கும் அக்கையின் அறிவுக்கும் உரியதாகும்போதே அந்த நியாயம் முழுமை பெறும்.