அழுகையும் பந்தியும்: தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் துன்பம்

திண்டுக்கல் நகரை ஒட்டிய முத்தழகுபட்டியில் ஆகஸ்ட் தொடக்கத்தில் புனித செபஸ்தியார் திருவிழா நடக்கும். நேர்ந்துகொண்டவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று கோயிலில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். யார் கொடுத்த ஆடு, யார் வீட்டு அரிசி என்ற கணக்கெல்லாம் அண்டாவுக்குள் போனதும் மறைந்துவிடும். ராத்திரி முழுக்கச் சமையலும் பந்தியும்தான். பிற மதத்தவரும் வந்து உட்காருவார்கள். காய்ச்சல் இறங்கிய பிள்ளைக்காக நேர்ந்தவரும், இன்னும் இறங்காத பிள்ளைக்காக வேண்டுகிறவரும் ஒரே வரிசையில் சாப்பிடுவார்கள்.

செபஸ்தியார் அம்பால் துளைக்கப்பட்ட ரோமானியப் படைவீரர். அந்தக் காயங்களில் கொள்ளைநோயின் புண்களைக் கண்ட ஐரோப்பா அவரைப் பிளேக்குக்குக் காவலராக்கியது. தமிழ் ஊர்களுக்கு வந்தபோது அம்மையும் காலராவும் அவர் பொறுப்பில் சேர்ந்தன. "கடவுள் ஏன் இதை அனுமதித்தார்?" என்ற கேள்விக்கு முத்தழகுபட்டி வாயால் பதில் சொல்வதில்லை, சோறு போடுகிறது. துன்பத்தைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவம் இந்த முந்நூறு ஆண்டுகளில் எழுதியவற்றைத் திரும்பப் படிக்கையில் எனக்குத் தென்படுவதும் இதுதான்: கூட உட்கார்ந்த இடங்களில் அது உயர்ந்து நிற்கிறது, காரணம் சொல்லப் போன இடங்களில் சறுக்குகிறது. விவிலியத்தின் யோபு நூலே இதற்குச் சாட்சி. நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை குறையொன்றும் இல்லை. விளக்கம் சொல்ல வாய் திறந்த பிறகுதான் கடவுளே அவர்களைக் கண்டிக்க வேண்டியதாயிற்று.

முதலில் வருவது அழுகை. கோவாவில் 1676இல் பிறந்து இலங்கையில் உழைத்த ஜாகோமே கொன்சால்வேஸ் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளைப் பற்றியது. டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கரின் வழிபாடு தடுக்கப்பட்டிருந்த காலம் அது. குருக்கள் மாறுவேடத்தில் ஊர் ஊராகப் போனார்கள். ஒளிந்து வழிபட்ட மக்களுக்காக எழுதிய பிரசங்கம், தவக்காலத்தில் ராகம்போட்டு வாசிக்கப்படும் ஒரு பொது அழுகையாக இலங்கையிலும் தமிழகக் கடற்கரையிலும் நிலைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வீரமாமுனிவர் 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடினார். 3615 பாடல் கொண்ட தேம்பாவணியைக் கொண்டாடுகிற நாம் இந்தச் சிறுநூலை அதிகம் பேசுவதில்லை. மகனைப் பறிகொடுத்த தாயின் துயரம், ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதியில் அமைந்தது மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். இழவு வீட்டில் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுக்கிறாளே, அந்த முறை இது. செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆனாலும் அழுகையை யாரும் அவசரமாக முடித்துவைப்பதில்லை.

அழுகைக்கு அடுத்து வருவது காரணம் சொல்லிச் சறுக்கிய காலம். திண்டுக்கல் புனித சூசையப்பர் பேராலயம் 1866இல் தொடங்கி 1872இல் கட்டி முடிந்தது. நான்கே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் அரைக்கோடிப் பேருக்கு மேல் மடிந்ததாக மதிப்பிடுகிறார்கள். கஞ்சித்தொட்டி திறந்த மிஷனரிகளும் உண்டு, பஞ்சத்தைத் தேவதண்டனை என்று பிரசங்கித்தவர்களும் உண்டு. மழை பொய்த்த பூமியிலிருந்து தானியம் ஏற்றுமதியானதற்குக் காரணம் மனிதர்கள். அந்தக் கணக்கைக் கடவுள் பெயரில் எழுதியது அந்தக் காலத்துச் சமய எழுத்தின் பெரிய குறை.

இருபதாம் நூற்றாண்டில் எழுத்து நோய்ப்படுக்கைக்கு வருகிறது. தோனாவூரில் பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்த ஏமி கார்மைக்கேல் 1931இல் குழியில் தவறி விழுந்தார். 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டு படுக்கை. நோயாளிகளுக்கென்று வரும் ஆறுதல் நூல்களெல்லாம் நல்ல உடம்புக்காரர்கள் எழுதியவை, அவை தன்னைத் தொடவில்லை என்று கண்டவர், படுத்திருப்பவர்களுக்குப் படுத்திருப்பவராகவே ஒரு நூல் எழுதினார். வலியை அவர் அழகுபடுத்தவில்லை. தூக்கம் வராத இரவை அப்படியே வைத்துக்கொண்டு பேசினார். கல்லறைக்கல் வேண்டாம் என்றவரின் நினைவாகப் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றுதான் வைத்தார்கள். அதில் 'அம்மா' என்ற ஒரே சொல்.

மருத்துவர் பால் பிராண்டின் வழி வேறு. கொல்லிமலையில் ஊழியம் செய்த அவருடைய தந்தை 1929இல் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். தாய் எவலின் ஓய்வுபெற்ற பிறகும் அதே மலைக்குத் திரும்பினார். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய பிராண்ட், கை அழிவது நோயால் அழுகி அல்ல, வலி தெரியாததால் காயத்தின்மேல் காயம் பட்டு என்று காட்டினார். அதனால்தான் வலியை அவரால் கொடை என்று சொல்ல முடிந்தது. நரம்பைப் பற்றி ஒரு மருத்துவர் சொன்னதைப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய்ச் சொல்லும் பிரசங்கிகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. திண்டுக்கல் சமவெளியில் 1955இல் ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ.கே. தரியன் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் பிராண்டின் இந்த மருத்துவ மரபைச் சேர்ந்தது.

இத்தனையையும் கேள்விக்குள்ளாக்கியது தலித் எழுத்து. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அந்த நூலில், ஒரு சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் ஊருக்குள் புகுந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போக, மிச்சமிருந்தவர்கள் தலைமறைவாகிறார்கள். அந்த நேரம் ஒரு சிறுவன் சாகிறான். தகப்பனுக்குச் சேலை கட்டி, பெண்ணைப்போல வேடமிட்டுப் பிள்ளையின் சாவுக்குக் கூட்டிவருகிறார்கள். அழக்கூட மாறுவேடம் வேண்டியிருந்த அந்தத் தகப்பனை எந்த வியாகுலப் பிரசங்கமும் அதுவரை பாடியிருக்கவில்லை. பணிவு, தாழ்ச்சி, பொறுமை என்று தங்களுக்குப் போதித்த திருச்சபை, அநீதியைக் கண்டு சீறிய இயேசுவை மறைத்துவிட்டது என்பது பாமாவின் குற்றச்சாட்டு. மடத்தில் கன்னியராக இருந்துவிட்டு வெளியேறியவர் அதைச் சொன்னார்.

குற்றச்சாட்டு வலுவானது. திண்டுக்கல் 2003இல் தனி மறைமாவட்டமாகும்வரை திருச்சி மறைமாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தத் திருச்சியின் மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளைப் பிரித்து ஒரு சுவர் எழும்பியிருந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவ தலித்துகள் வெளியே நிற்கிறார்கள். இவற்றைச் 'சிலுவை' என்று பெயரிட்டுச் சுமக்கச் சொல்வது அருளின் பெயரால் செய்யும் அநியாயம். புற்றுநோயும் தீண்டாமையும் ஒரே வகைத் துன்பம் அல்ல. முன்னதற்குத் துணை வேண்டும், பின்னதை ஒழிக்க வேண்டும்.

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இந்த இடத்திலிருந்து தொடங்கினார். 'பரட்டை' என்று அறியப்பட்ட அவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டை எழுதினார். ஓர் உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதை நற்கருணையின் பொருளாக வைத்தார். சிலுவையில் கடவுளே துன்புறுகிறார் என்று ஜெர்மனியில் மோல்ட்மன் 1972இல் எழுதிய நூலைக் கல்லூரிகள் விரிவாகப் பாடம் வைக்கின்றன. அப்பாவு அதைப் பறையடித்துப் பாடியதற்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும்.

இனி எழுதப்பட வேண்டியது சமவெளிக்காரர்களின் சொந்தப் பேச்சு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை போகிறவர்களில் திண்டுக்கல் தோல்ஷாப்புகளில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை நனைத்து வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் தலத்தில் சிரேன் ஊர்ச் சீமோன் சிலுவையைத் தூக்குகிறார். அவர் விரும்பித் தூக்கவில்லை, போகிற வழியில் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். அந்தத் தலத்தில் முழங்காலிடும்போது என்ன நினைப்பு ஓடுகிறது என்று இந்தத் தொழிலாளிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிவைக்க ஆய்வு மாணவர்கள் வர வேண்டும். வயதானவர்கள் பலர் இருக்கும்போதே வர வேண்டும்.